வாயைத் திற

குண்டூர்,
5 பிப்ரவரி 1993

சௌபாக்கியவதி அனசூயாவுக்கு உன் அண்ணன் மனைவி, வதினா சேஷாரத்னம் ஆசீர்வாதம் செய்து எழுதுவது. இங்கே உன் அண்ணய்யாவும் நானும் உயிரோடு இருக்கிறோம். தினமும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டும் இருக்கிறோம், அதுதான் சிரமம். கரக்பூரில் நீயும் பாப்பாராவ் காருவும் சௌக்கியம்தானே? உன் வீட்டுக்காரர் குரங்குக் குல்லாய் மாட்டிக்கொண்டு ரயில்வே பட்டறைக்குப் போகிறாராமே. ஒரு போட்டோ அனுப்பு. இங்கே சிரிப்பதற்குச் சரக்கு குறைவாக இருக்கிறது.

முதலில் நல்ல செய்தி. மாதாமாதம் வந்து உயிரை எடுத்துக்கொண்டிருந்த தொல்லை தீபாவளியோடு நின்றுவிட்டது. சங்கராந்திக்கும் எட்டிப் பார்க்கவில்லை. நாற்பத்தொன்பது வயதில் பணி ஓய்வு. இனி எந்த நாளிலும் ஊறுகாய் ஜாடியைத் தொடலாம், பூஜை அறைக்குள் உருளலாம். ஆனால் பென்ஷன் மட்டும் வேறு மாதிரி வருகிறது. வாய் எரிகிறது.

பச்சைமிளகாயைக் கடித்த எரிச்சல் இல்லை. கொதிக்கிற காப்பியை மடக்கென்று குடித்தால் நாக்கு வெந்துபோகுமே, அது. காப்பி குடிக்காமலே. காலையில் லேசாக ஆரம்பித்து, பகல் ஏற ஏறக் கூடி, விளக்கு வைக்கும் நேரத்தில் நாக்கு நுனியும் உதட்டின் உள்பக்கமும் தணலாகிவிடுகின்றன. ருசியும் போயிற்று. எதைத் தின்றாலும் பித்தளைக் கரண்டியை நக்கிய மாதிரி. கண்ணாடி முன்னால் நாக்கை நீட்டிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. ரோஜா இதழ் மாதிரி இருக்கிறது. இந்த முகத்தில் மிச்சமிருக்கிற ஒரே அழகு அதுதான்.

குண்டூரில் பிறந்து, மிளகாய்த் தரகருக்கு வாழ்க்கைப்பட்டு, வாய் எரிகிறது என்று சொன்னால் யார் கேட்பார்கள்? மீன் வந்து ஜலதோஷம் என்று சொன்ன மாதிரி. பல் டாக்டரிடம் போனேன். "வாயைத் திறங்கம்மா" என்றார். திறந்தேன். இப்போது எனக்கு இரண்டு பல் குறைவு. எரிச்சல் மட்டும் முழுசாக இருக்கிறது.

சமையலில் காரத்தைக் கொஞ்சம் குறைத்தேன். உன் அண்ணய்யாவின் தட்டுக்கு இறக்கை முளைத்துவிட்டது. நேற்று கோங்கூராப் பச்சடியோடு கூடத்துக் கடிகாரம் வரைக்கும் பறந்தது. கடிகாரம் நின்றது சாப்பாட்டு வேளையில்; இனி இந்த வீட்டில் எப்போதும் பசி நேரம்தான்.

குளிரில் உடம்பைப் பார்த்துக்கொள். பதில் எழுது.
உன் வதினா.


கரக்பூர்,
23 பிப்ரவரி 1993

வதினாவின் பாதங்களுக்கு அனசூயாவின் நமஸ்காரம். நாங்கள் சௌக்கியம். போட்டோ அனுப்ப மாட்டேன். குல்லாய்க்குள் இருப்பது என் தாலி பாக்கியம், அதைப் பார்த்து நீங்கள் சிரிக்கவா?

வாய் எரியாமல் என்ன செய்யும்? கல்யாணமாகி வந்த நாள் முதல் ஓயாமல் ஓடுகிற எஞ்சின். பக்கத்து வீட்டு மஸ்தான்பீயைக் கேட்டால் சொல்வாள், கிணற்றடியில் நீங்கள் பேச ஆரம்பித்தால் வாளி பாதிக் கிணற்றிலேயே நிற்கும். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இவர், "உங்க வதினாவை எங்க பட்டறைக்கு அனுப்பச் சொல்லு, எண்ணெய் போட்டு அனுப்பறோம்" என்கிறார். கோபித்துக்கொள்ளாதீர்கள். தயிர் நிறையச் சாப்பிடுங்கள்.

அண்ணய்யா கோபக்காரன்தான், மனசு வெண்ணெய். ஆனால் காரம் குறைந்தால் அவனுக்குத் தாங்காது, அப்பா ரத்தம். அப்பாவும் தட்டு எறிந்தவர்தானே. அம்மா சட்டென்று குனிந்துகொள்வாள், தட்டு தலைக்கு மேலே போய்விடும். குனியத் தெரிந்தால் போதும், வதினா.

ஆவக்காய்க்கு மாங்காய் இறங்கியதும் பிறந்த வீட்டு ஜாடியை மறந்துவிடாதீர்கள். அம்மா போன பிறகும் ஒரு வருஷம் தவறியதில்லை. இந்த வங்காளத்தில் இனிப்பைத் தின்று தின்று எனக்கு ரோஷமே போய்விட்டது. நாக்கு தெறிக்க வேண்டும், சொல்லிவிட்டேன்.

அன்புள்ள ஆடபடுசு, உங்கள் நாத்தனார்,
அனசூயா.


குண்டூர்,
14 ஏப்ரல் 1993

அனசூயாவுக்கு ஆசீர்வாதம். உகாதிப் பச்சடியில் ஆறு ருசி என்பார்கள். எனக்கு ஆறும் பித்தளை. உங்கள் ஊரில் வெயில் எப்படி? இங்கே ரோட்டில் அப்பளம் சுடலாம்.

பதில் தாமதம். கீழ் உதட்டில் தையல் போட்டிருந்தார்கள். உதட்டுக்கும் பேனாவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதே, எனக்கு எழுதும்போதும் உதடு அசையும். சமையலறை அலமாரிக் கதவில் இடித்துக்கொண்டேன். சின்னக் காயம். எரிகிற இடத்துக்கு ஒரு துணை கிடைத்தது.

வைத்தியர்களைச் சுற்றி வந்துவிட்டேன். ஒருவர் உடம்புச் சூடு என்று விளக்கெண்ணெய் கொடுத்தார். அதன் பிறகு இரண்டு பக்கமும் எரிந்தது. இன்னொருவர் சிவப்பு மாத்திரை கொடுத்தார். மூன்றாமவர், "வயசாச்சு, ராமநாமம் சொல்லுங்க" என்றார். எல்லோரும் முதலில் சொல்வது ஒன்றுதான்: வாயைத் திற. திறந்ததும் சொல்வதும் ஒன்றுதான்: ஒன்றும் இல்லை.

உன் அண்ணய்யாவும் டார்ச் அடித்துப் பார்த்தார். "ஒண்ணுமே இல்லையேடி! கொப்புளம் இருக்கா? புண் இருக்கா? எவளைப் பாத்து இந்த நாடகம் கத்துக்கிட்டே?" என்றார். அதற்கப்புறம் டார்ச் உடைந்துவிட்டது. பழைய டார்ச்.

மஸ்தான்பீதான் தெய்வம். அவள் புருஷனின் சோடாக் கடையிலிருந்து ஐஸ் கட்டி கொண்டுவந்து வாயில் போடுவாள். அது கரைகிற வரை நான் மகாராணி. "பேசாதே அக்கா, கரைஞ்சிடும்" என்பாள். என்னைப் பேசாமல் இருக்க வைத்த ஒரே ஜீவன் அவள்தான்.

இப்போது கவலை ஆவக்காய். உங்கள் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். மாங்காய் கலந்த மூன்றாம் நாள் ஜாடியைக் கிளறி உப்புப் பார்க்கிற வாய் வீட்டுக்காரியின் வாய்தான். வேறு யார் நாக்கில் வைத்தாலும் ஜாடி எச்சில். எனக்கோ உப்பும் தெரியவில்லை, காரம் பட்டால் கண் இருட்டுகிறது. ஏதாவது செய்கிறேன்.

பாப்பாராவ் காருவைக் கேட்டதாகச் சொல்.
வதினா.


கரக்பூர்,
2 மே 1993

வதினாவுக்கு அனசூயாவின் நமஸ்காரம். இங்கே இருவரும் நலம். அங்கே உதடு ஆறிவிட்டதா?

ஒரு நல்ல காரியம் செய்தேன். ரயில்வே ஆஸ்பத்திரியில் சன்யால் அம்மாள் என்று ஒரு லேடி டாக்டர். என் முழங்காலைக் காட்டப் போனவள் உங்கள் வாயைப் பற்றிக் கேட்டேன். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, "மாசவிலக்கு நிக்கிற காலத்துல சில பொம்பளைங்களுக்கு இப்படி வாய் எரியும். ஏன்னு சரியா யாருக்கும் தெரியாது. பாத்தா ஒண்ணும் இருக்காது, ஆனா எரியறது நிஜம். பொய் சொல்றான்னு மட்டும் யாரும் சொல்லிடக் கூடாது" என்றார். ரத்தத்தில் சத்துக்குறைவு, சர்க்கரை இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடச் சொன்னார். காரம், புளி, சூடு வேண்டாம். பொதினா வாசனை பற்பசை கூடவே கூடாது. குளிர்ந்த தண்ணீரை அடிக்கடி ஒரு வாய் குடித்துக்கொண்டிருக்க வேண்டும். மஸ்தான்பீயின் ஐஸுக்குப் பத்துக்குப் பத்து மார்க். வருஷக் கணக்கில் இருந்தாலும் இருக்கும், சிலருக்குத் தானாகப் போய்விடுமாம்.

எஞ்சின் என்று எழுதினேனே, அதை அடித்துவிடுங்கள்.

இன்னொன்று. நான் அந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவள். சமையலறையில் அலமாரி உண்டு, கதவு ஏது? அம்மாவின் பழைய புடவைதானே அதற்குத் திரை? அண்ணய்யா புதிதாகக் கதவு போட்டானா?

அனசூயா.


குண்டூர்,
11 ஜூன் 1993

அனசூயாவுக்கு ஆயுள் நூறு. அந்த சன்யால் அம்மாளுக்கு ஆயிரம். "எரிவது நிஜம்" என்ற வரியை ஐந்தாறு தடவை படித்தேன். ரத்தம் கொடுத்துப் பார்த்தேன். சர்க்கரையும் இல்லை, குறையும் இல்லை. பற்பசையைக் கடாசிவிட்டு விரலால் உப்பில்லாமல் தேய்க்கிறேன். மோசமான நாளில் முன்பு அழுவேன். இப்போது எரிந்துகொண்டே வேலை செய்கிறேன். எரிகிறது என்று நானே என்னை நம்ப ஆரம்பித்ததே பெரிய குளிர்ச்சி.

பிறந்த வீட்டு ஜாடி வருகிறது. உன் தெருவுக்குத் திரும்புகிற ரயில்வேக்காரர் ஒருவர் மடியில் வைத்துக் கொண்டுவருகிறார். இந்த வருஷத்து ஆவக்காயில் ஒரு சூழ்ச்சி இருக்கிறது, யாரிடமும் மூச்சு விடாதே. உன் அண்ணய்யா மண்டியிலிருந்து மாதிரிக்குக் கொண்டுவந்து வைத்திருக்கிற குண்டூர்த் தூள் மூட்டையைத் தொடவே இல்லை. கர்நாடகத்துச் சுருக்க மிளகாய் வாங்கி இடித்தேன். நிறம் ரத்தம் மாதிரி கொட்டும். காரம் பச்சைக் குழந்தையும் தாங்கும். ஒரு வருஷம் அந்த ஜாடிகளோடு குடும்பம் நடத்த வேண்டியவள் நான். கண்ணுக்குச் சிவப்பாக இருந்தால் உன் அண்ணய்யா நாக்கும் நம்பிவிடும் என்று கணக்கு.

உப்பைப் பார்த்தது மஸ்தான்பீ. சுவருக்கு அந்தப் பக்கம் கிண்ணத்தை நீட்டினேன். "ஒரு கை போடு அக்கா" என்றாள், போட்டேன். உன் அம்மா இருந்திருந்தால் ஜாடியோடு என்னையும் கிணற்றில் இறக்கியிருப்பாள்.

மஸ்கட்டிலிருந்து பிள்ளை எழுதியிருந்தான். அங்கே வெயிலாம். அவன் கடிதத்தில் எப்போதும் வெயில்தான்.

வேறு விசேஷம் இல்லை.
வதினா.


கரக்பூர்,
9 ஜூலை 1993

வதினாவுக்கு நமஸ்காரம். இங்கே மழை, நலம், முழங்கால் வலி, எல்லாம் வரிசையாக இருக்கின்றன.

ஜாடி உடையாமல் வந்தது. இவர் முதல் நாளே நான்கு துண்டு தின்றார். விக்கல் இல்லை, கண்ணீர் இல்லை. "உங்க பிறந்த வீட்டுல முதல் தடவையா என்னைக் கொல்லப் பாக்கலை" என்றார். எதிர்வீட்டு வங்காளி அம்மாள் கிண்ணத்தோடு வந்து நிற்கிறாள். ஆனால் வதினா, இது குண்டூர் ஆவக்காய் என்று நான் வெளியில் சொல்ல மாட்டேன். நீங்களும் ஜாக்கிரதை. அண்ணய்யா வீட்டில் ஏமாந்தாலும் ஏமாறுவான். மண்டிக்காரர்களைச் சாப்பாட்டுக்கு அழைத்து வருகிற வழக்கம் அவனுக்கு உண்டு. அவர்களுக்கு இதைப் பரிமாறிவிடாதீர்கள். ஊரார் எதிரில் தலை குனிந்தால் அவன் எப்படி ஆவான் என்று எனக்குத் தெரியும்.

போன கடிதத்தில் எல்லாம் எழுதினீர்கள், அலமாரிக் கதவைப் பற்றி எழுதவில்லை.

அனசூயா.


குண்டூர்,
20 ஆகஸ்ட் 1993

தங்கை அனசூயாவுக்கு அண்ணன் கோட்டீஸ்வர ராவ். இங்கே யாருக்கும் ஒரு கேடும் இல்லை. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

நான் கடிதம் எழுதுகிறவன் இல்லை. எழுத வைத்தது உன் வதினா. போன வாரம் மண்டியிலிருந்து ஐந்தாறு பேரைச் சாப்பிட அழைத்து வந்தேன். அவள் ஊறுகாயே பரிமாறவில்லை. மறந்துவிட்டாள் என்று நினைத்து நானே ஜாடியைக் கொண்டுவந்து வைத்தேன். விருதுநகர் வியாபாரி சங்கரலிங்கம், சாம்பார் தின்கிற அரவநாட்டுத் தமிழன், ஒரு துண்டைக் கடித்துவிட்டு என்னைப் பார்க்கிறான். "ராவ்காரு, ஜாம் பிரமாதம். ரொட்டிக்குத் தொட்டுக்கலாம்" என்கிறான். எல்லோரும் சிரித்தார்கள். மறுநாள் மண்டி முழுக்க என் பேர் ஜாம் ராவ். மூன்று தலைமுறையாக மிளகாய் விற்கிற குடும்பம்!

கேட்டால் வாய் எரிகிறதாம். நான் டார்ச் அடித்துப் பார்த்தவன், உள்ளே ஒன்றும் இல்லை. முள்ளை முள்ளால்தான் எடுக்க வேண்டும். மாதிரி மூட்டையிலிருந்து ஒரு பிடி தூள் அள்ளினேன். தாடையைப் பிடித்து, வாயைத் திற என்றேன். முழுசையும் உள்ளே போட்டு, விழுங்குகிற வரைக்கும் கையால் பொத்திக்கொண்டேன். எரிச்சல் என்றால் என்னவென்று தெரியட்டும். காலை உதைத்துக்கொண்டாள், அப்புறம் அடங்கிவிட்டாள். அன்றையிலிருந்து வாயைத் திறக்கவில்லை. வீடு அமைதியாக இருக்கிறது. மருந்து வேலை செய்கிறது. தேவைப்பட்டால் இன்னொரு வேளை கொடுப்பேன்.

நீ ஒரு கடிதம் போட்டு அவளுக்குப் புத்தி சொல். ஆடபடுசு சொன்னால் கேட்பாள்.

கோட்டீஸ்வர ராவ்.


கரக்பூர்,
27 ஆகஸ்ட் 1993

வதினா,

சௌக்கியமா என்று எழுதப் பேனா நகரவில்லை. மூச்சு விட முடிகிறதா? தண்ணீர் இறங்குகிறதா? கண்ணில் பட்டதா?

எந்தக் கதவு என்று இனிக் கேட்க மாட்டேன். புத்தி சொல்லச் சொல்லியிருக்கிறான். உங்களுக்கு நான் சொல்கிற புத்தி: மஸ்தான்பீ வீட்டுக்குப் போய்விடுங்கள். மானம் போகும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள், மானம் மெதுவாக வரட்டும்.

இவர் லீவுக்கு எழுதிப் போட்டிருக்கிறார். வருகிறோம். ஒரே ஒரு வரி உங்கள் கையால் எழுதுங்கள்.

அனசூயா.


கரக்பூர்,
15 செப்டம்பர் 1993
(தபால் கார்டு)

வதினா, பதில் இல்லை. இவருக்கு லீவும் இன்னும் கிடைக்கவில்லை. மஸ்தான்பீ புருஷன் பெயருக்கும் கார்டு போட்டேன். உங்கள் தட்டு, டார்ச், அலமாரி என்று ஏதாவது ஒரு பொய்யாவது எழுதுங்கள். கையெழுத்தைப் பார்த்தால் போதும்.
அனசூயா.


குண்டூர்,
28 செப்டம்பர் 1993

அடி அனசூயா, ஆசீர்வாதம். கையெழுத்து என்னுடையதுதான், நன்றாகப் பார்த்துக்கொள். உயிரோடு இருக்கிறேன். இனிமேல் எழுதப்போவதில் ஒரு சொல் பொய் இல்லை. பழக்கமில்லாத வேலை, பொறுத்துக்கொள்.

அந்த ஒரு பிடிக்கப்புறம் தொண்டை வரைக்கும் வெந்துபோய்விட்டது. நாக்கு வீங்கி வாயை அடைத்துக்கொண்டது. மஸ்தான்பீ மோரை ஐஸில் குளிர வைத்துக் கரண்டியால் புகட்டினாள். "என் வீட்டுக்கு வந்துடு அக்கா" என்று காலைப் பிடித்தாள். நான் போகவில்லை. உனக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தால், எப்போதும் வருகிற தமாஷ் வரவில்லை. தமாஷ் இல்லாமல் எப்படி எழுதுவது என்று தெரியாமல் காகிதத்தை மடித்து வைத்தேன்.

விநாயக சவிதி வந்தது. கொழுக்கட்டை, பருப்பு, தயிர். காரமாக ஒன்றும் செய்யவில்லை. சாமி பிரசாதத்தைப் பார்த்தார் உன் அண்ணய்யா. ஜாம் ராவ் என்று அன்றைக்குக் காலையிலும் யாரோ கூப்பிட்டிருக்க வேண்டும். கொழுக்கட்டைத் தட்டைக் காலால் தள்ளினார். என் தலைமயிரைப் பிடித்துத் தூணில் மோதினார். ஒரு தடவை இல்லை. பிறகு என்னை அங்கேயே விட்டுவிட்டு மாதிரி மூட்டைக்குப் போனார். நிதானமாகப் போனார், அனசூயா, மருந்து எடுக்கப் போகிற மாதிரி.

வந்து, "வாயைத் திற" என்றார்.

இந்த வருஷம் முழுக்க என்னிடம் எல்லோரும் சொன்னது இந்த ஒரு வார்த்தைதான். நான் கீழ்ப்படிகிற மனைவி. திறந்தேன். நன்றாகத் திறந்தேன். தூளோடு விரல்கள் உள்ளே வந்தன. மூடு என்று யாரும் சொல்லவில்லை. அதை நானாகச் செய்தேன்.

இவ்வளவு பெரிய சத்தம் உன் அண்ணய்யாவிடமிருந்து வரும் என்று எனக்குத் தெரியாது. கல்யாண மேளத்தை அமுக்கியிருக்கும். இடது கையால் சொம்பை எடுத்து என் மண்டையில் அடித்தார். விடவில்லை. மறுபடி அடித்தார். வாய் முழுக்கத் தூள், கண்ணில் தூள், நெற்றியிலிருந்து ரத்தம். எரிகிற வாய் எரிந்துகொண்டே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பிடியை மட்டும் விடவில்லை. எலும்பு தட்டுப்பட்டது. பல் டாக்டர் என்னிடம் பிடுங்கியது ஒரு பல்தான், தெரியுமா? இன்னொன்றை எடுத்தது உன் அண்ணய்யாவின் முழங்கை. இருவரும் கொஞ்சம் மிச்சம் வைத்தார்களே, அது போதுமானதாக இருந்தது.

மஸ்தான்பீ சுவர் ஏறிக் குதித்து வந்து, "விடு அக்கா! செத்துடப் போறான், அப்புறம் அந்தப் பாவம் வேற!" என்று என் மூக்கைப் பிடித்தாள். மூச்சுக்காக வாயைத் திறந்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என்ன கடித்தது என்று கேட்டாராம். மிளகாய் மண்டியில் மீசை வைத்த மனுஷர், பெண்டாட்டி கடித்தாள் என்று எப்படிச் சொல்வார்? தெருநாய் என்று சொல்லிவிட்டார். தையல் போட்டுவிட்டு, தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வேண்டாம் என்றால் ஏன் வேண்டாம் என்பார்கள். தினமும் காலையில் வேட்டியைத் தளர்த்திக் கட்டிக்கொண்டு போய் வயிற்றில் குத்திக்கொண்டு வருகிறார். நாயைப் பத்து நாள் கண் மறையாமல் கவனிக்கச் சொல்லியிருக்கிறாராம் டாக்டர். உன் அண்ணய்யா கூடத்தில் உட்கார்ந்து என்னைக் கவனிக்கிறார். நான் அடிக்கடி தண்ணீர் குடித்துக் காட்டுகிறேன்.

ஆனால் பதினாலும் முடியும். விரல் ஆறும். அதற்கப்புறம் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். இப்போது நான் படுப்பது மஸ்தான்பீ வீட்டில். சமைக்க மட்டும் இங்கே வருகிறேன். அரிவாள்மணை பக்கத்திலேயே இருக்கிறது. இப்படி எத்தனை நாள் என்று தெரியவில்லை. இந்த வீட்டில் எனக்கென்று மூட ஒரு கதவு கிடையாது. அலமாரிக்குக்கூட.

வதினா.


கரக்பூர்,
6 அக்டோபர் 1993

அண்ணய்யாவுக்கு அனசூயா எழுதுவது. உன் உடம்பை விசாரிக்கிறேன்: ஊசியெல்லாம் முடிந்ததா? உன்னை நாய் கடித்ததாகக் கேள்விப்பட்டேன். நம் தெருவில் நான் அறிந்த வரை நாய்கள் நல்லவை.

நீ என்னைப் புத்தி சொல்லச் சொன்னாய். சொல்கிறேன், கேள். வீடு அம்மா பெயரில் இருக்கிறது. அம்மாவுக்கு இரண்டு பிள்ளைகள். இத்தனை வருஷம் நான் கேட்டது ஒரு ஜாடி ஆவக்காய் மட்டும்தான். அதனால் என் பாகம் ஒரு ஜாடிதான் என்று நீ நினைத்திருப்பாய். பாதி வீடு என்னுடையது. கூடமும் முன்னறையும் நீ வைத்துக்கொள். சமையலறையும் அதை ஒட்டின அறையும் கிணற்றடியும் எனக்கு. என் பாகத்தில் என் வதினா குடியிருப்பாள். அவள் வாயைத் திறப்பதும் மூடுவதும் அவள் இஷ்டம்.

முடியாது என்றால் சொல். கோர்ட்டுக்குப் போவோம். உன்னைக் கடித்தது எது என்று அங்கே முதல் சாட்சியாக மஸ்தான்பீ சொல்வாள். மண்டிக்காரர்கள் எல்லோரும் கேட்க வருவார்கள். ஜாம் என்பது அப்புறம் உனக்குச் செல்லப் பேராகத் தோன்றும்.

அம்மாவின் இடது புருவத்துத் தழும்பு உனக்கும் ஞாபகம் இருக்கும். அவள் குனிந்தும்தான் பட்டது. அப்போது நாம் இருவரும் கதவுக்குப் பின்னால் நின்றோம். நீயும் அழுதாய்.

தசரா முடிந்ததும் வருகிறோம். இவர் குரங்குக் குல்லாயோடும் பட்டறைச் சுத்தியலோடும் வருகிறார்.

அனசூயா.


குண்டூர்,
24 நவம்பர் 1993

என் அனசூயாவுக்கு ஆசீர்வாதம். பத்திரமாய்ப் போய்ச் சேர்ந்தீர்களா? பாப்பாராவ் காருவின் முதுகுவலி எப்படி? ஒரே நாளில் இரண்டு கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டு, அலமாரிக்கும் ஒரு கதவு அடித்துவிட்டுப் போன மனுஷரை இனி குல்லாயை வைத்துக் கேலி செய்ய மாட்டேன். ஒரு மாதத்துக்கு.

நீ போன பிறகு இரண்டு தரம் கதவைத் தட்டினார். நான் உள்ளேயிருந்து, "எது தட்டுறது? நாயா?" என்றேன். அப்புறம் தட்டவில்லை. மூன்றாம் நாள் ஒரு கல் ஜன்னல் வழியே வந்தது. மஸ்தான்பீ அதைத் திரும்ப எறிந்தாள். அது பட்டு, கூடத்தில் நின்றுபோயிருந்த கடிகாரம் ஓட ஆரம்பித்துவிட்டது. சத்தியமாக. சாப்பாடு இப்போது மண்டிக்குப் பக்கத்து மெஸ்ஸில். அங்கே காரம் தாராளமாம்.

மண்டிக் கதை ஒன்று சோடாக் கடை வழியாக வந்தது. அங்கே விலை பேசுவது வாயால் இல்லை, உனக்குத் தெரியும். தரகரும் வியாபாரியும் துண்டுக்கு அடியில் கையை நுழைத்து, விரலைப் பிடித்துத்தான் விலை சொல்வார்கள். அங்கே கை பொய் சொல்லாது. விருதுநகர் சங்கரலிங்கம் துண்டுக்குள் உன் அண்ணய்யாவின் விரலைப் பிடித்தாராம். மடங்காத விரல். மெதுவாகத் தடவிப் பார்த்தாராம், மேல்வரிசை, கீழ்வரிசை. பிறகு முகத்தை அசைக்காமல், "ராவ்காரு, உங்க ஊர் நாய்க்குப் பல் வரிசை ரொம்ப லட்சணம். நடுவுல ரெண்டுதான் இல்லை" என்றாராம். அந்த மனுஷர் சாப்பிட வந்தபோது எதிரே நின்று பரிமாறியவள் நான். சிரித்தும் இருக்கிறேன். அன்றையிலிருந்து உன் அண்ணய்யா துண்டுக்குள் இடது கையைத்தான் நீட்டுகிறாராம்.

வாய் எரிகிறது. அதை மறைக்க மாட்டேன். நேற்று விளக்கு வைத்த நேரத்தில் தணல். இன்றைக்குக் காலை பரவாயில்லை. தண்ணீர், தயிர்சாதம், ஐஸ், மஸ்தான்பீயின் வசவு, இவைதான் வைத்தியம். மோசமான நாளில் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, "எரியுது" என்று சத்தமாகச் சொல்கிறேன். நாடகம் என்று சொல்ல உள்ளே ஆள் இல்லை. பாதி எரிச்சல் அதிலேயே இறங்கிவிடுகிறது. மிச்சப் பாதி சன்யால் அம்மாள் சொன்ன மாதிரி தானாகப் போனால் போகட்டும், இருந்தால் என்னோடு இருக்கட்டும். எனக்கும் வீட்டில் பேச ஒரு ஆள் வேண்டும்.

ஸ்டேஷனில் ரயில் நகரும்போது ஜன்னல் வழியாக, "ருசி ஏதாவது திரும்பிச்சா, வதினா?" என்று கேட்டாய். சத்தத்தில் பதில் சொல்ல முடியவில்லை. இப்போது சொல்கிறேன். போன தீபாவளியிலிருந்து இந்தத் தீபாவளி வரைக்கும் என் நாக்குக்கு ஒரே ஒரு தடவைதான் ருசி தெரிந்தது. அது விநாயக சவிதி அன்றைக்கு. அத்தனை மிளகாய்த் தூளுக்கு நடுவிலும் தெரிந்தது.

உங்கள் வீட்டு வழக்கப்படி உப்புப் பார்க்க வேண்டியது என் வாய்தானே. பார்த்துவிட்டேன், அனசூயா. உன் அண்ணய்யாவுக்கு உப்புக் கொஞ்சம் தூக்கல்.

வதினா
சேஷாரத்னம்.